ஒருவருக்கு மட்டும் சாகாத அம்மா

இரண்டு காகிதங்களையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை பத்தரை மணி. கீழே வாசலில் பத்திரிகைக் கட்டுகள் ஏற்றிய வண்டி ஒன்று கிளம்பப் பார்ப்பதும் இருமி நிற்பதுமாக இருந்தது.

மேனேஜர் காகிதங்களைத் தொடாமல், விரல் நுனியால் துரும்பின் பக்கம் நகர்த்தினார்.

துரும்பு என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். வயது ஐம்பதைத் தாண்டியும் சட்டை அளவு மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுபோன உடம்பு. ‘துரும்பும் பல் குத்த உதவும்’ என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால் கிண்டல் அதிக தூரம் போவதில்லை. கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகிற வழிகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். எந்த அலுவலகத்திலாவது அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். மேனேஜர் இந்தப் பத்திரிகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்த வேகத்தில் தலையில் விழுந்த முதல் இடி இது.

துரும்பு குனிந்து பார்த்தார். இரண்டும் இந்தப் பத்திரிகையின் இணையதளத்தில் வரும் இரங்கல் பக்கம். ஒரே தேதி, ஏழு மாதத்துக்கு முந்தையது. இடது காகிதத்தில் ஏழு படங்கள் இருந்தன, வலது காகிதத்தில் ஆறு. இல்லாமல் போனது ஓர் அம்மாளின் படம். கேமராவைப் பார்க்காமல் வேறு யாரையோ பார்த்துப் பாதி சிரித்த முகம். படத்துக்குக் கீழே பெயரும் வயதும் இருந்தன. அதற்கும் கீழே ஒரு வரி: ‘ஒவ்வொரு காலையும் மகனின் நலம் அறிந்து நிம்மதி அடைந்தவர்.’

“எங்கம்மா,” என்றார் வந்தவர்.

அவர் ஒரு துறைமுக நகரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். இங்கிருந்து இரண்டு நாள் பயணம். விரல் ரேகைகளில் எண்ணெய்க் கறுப்பு ஏறி, கழுவினாலும் போகாத கை.

“இந்த ஆறு படம் உள்ளது எங்க எடுத்தது?” துரும்பு கேட்டார்.

“எங்க பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. ஏழு படம் உள்ளது எங்க ஊர்க்காரர் ஒருத்தர் போன்ல. போன வாரம் பட்டறைக்கு வந்தவரு என் கையைப் பிடிச்சு, அம்மா போயிட்டாங்களாமே, வருத்தமா இருக்குன்னாரு. நான் சிரிச்சேன் சார். நான்தான் தினமும் பேப்பர் பார்க்கிறேனே, எனக்குத் தெரியாமலான்னு கேட்டேன். அவரு போனைத் திறந்து காட்டினாரு.”

“தினமும் பார்ப்பீங்களா?”

“ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. இந்த ஒரு பக்கம் மட்டும்.”

“ஏன் இதை மட்டும்?”

பட்டறைக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “அம்மா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க.”

ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்ததைத் துரும்பு விழுங்கிவிட்டார். கேட்காமலே பதில் வந்தது.

“அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துக்கல. ஒரு நாள் கை நீட்டிட்டேன். பெத்தவர்மேல கை நீட்டினவன் அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு எனக்கு நானே தண்டனை போட்டுக்கிட்டேன். ஒரே ஒரு தடவை, பட்டறைலேர்ந்து வீட்டுக்கு ஒரு ஈமெயில் போட்டேன். நல்லாயிருக்கேன், ஊர்ப் பேப்பர் பார்த்துக்கிறேன், என்னைத் தேடாதீங்க, தேடினா அதையும் நிறுத்திடுவேன்னு எழுதினேன். அப்புறம் அந்தக் கணக்கையே மூடிட்டேன்.”

“அப்பா?”

“அவரு போனதையும் இந்தப் பக்கத்துலதான் பார்த்தேன். அப்போ லீவு கேட்டதுக்கு ஃபோர்மேன் திட்டினது இன்னும் காதுல இருக்கு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு தங்கச்சி உண்டு. நான் கிளம்பும்போது படிச்சிட்டிருந்தா. நேத்து வீட்டுக்குப் போனேன். வேற யாரோ குடியிருக்காங்க. அவ எங்கேன்னு அவங்களுக்குத் தெரியல.”

“உங்களுக்கு என்ன தெரியணும்?”

“எங்கம்மா முகத்தை எனக்குக் காட்டாம பண்ணினது யாருன்னு தெரியணும். அப்புறம் இந்த வரி.” எண்ணெய் ஏறிய விரல் காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. “ஒவ்வொரு காலையும் மகன் நலம் அறிந்துன்னு போட்டிருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். செத்த பிறகும் எங்கம்மா பேர்ல யாரோ ஒரு பொய் எழுதியிருக்காங்க.”

மேனேஜர் குறுக்கிட்டார். “என்னைக் கேட்டா விஷயம் சின்னது. இரங்கல் மேஜைல இருக்கிறவரு காலைல ஒரு படத்தை விட்டிருப்பாரு, அப்புறம் சேர்த்திருப்பாரு. சாயங்காலத்துக்குள்ள அவரை அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

“சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல?” என்று கேட்டுக்கொண்டே துரும்பு எழுந்தார்.

இரங்கல் மேஜைக்காரரை அலுவலகம் முழுக்கச் சித்திரகுப்தர் என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் ஒரு பெருமை. இன்று பெருமை எதுவும் இல்லை. வேலை போகப்போகிற செய்தி அவருக்கு முன்பே எட்டிவிட்டது. முகம் வெளுத்திருந்தது.

“இந்த அறிவிப்பு எப்படி வந்தது?”

“இணையத்துல வந்தது சார். படம், வாசகம், எல்லாம் அதுலயே. யாரும் நேர்ல வரல, போனும் பண்ணல. வீட்டு விலாசம்கூடப் போட வேண்டாம்னு குறிப்பு.”

“இந்தக் கடைசி வரி?”

“வந்தபடி போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாரும் ‘ஆழ்ந்த துயரத்துடன்’னுதான் எழுதுவாங்க. இது புதுசா இருந்தது.”

“ஒரு தடவை போட்ட பக்கத்தை அப்புறம் மாத்துவீங்களா?”

“பேர்ல ஓர் எழுத்து தப்பினா செத்தவங்க வந்து கேக்கமாட்டாங்க, இருக்கிறவங்க வந்து உலுக்கிடுவாங்க. அதனால போடறதுக்கு முன்னாடியே மூணு தரம் பார்ப்பேன் சார். அப்புறம் தொடமாட்டேன்.”

துரும்பு அந்தப் பக்கத்தை அவருடைய கம்ப்யூட்டரில் திறந்தார். ஏழு படம். பக்கத்து மேஜையில் ஏழு. வரவேற்பில் ஏழு. மாடிப்படியில் நின்று தன் போனில் பார்த்தார். அதிலும் அந்த அம்மாள் பாதி சிரிப்போடு இருந்தார். பட்டறைக்காரரை அவருடைய ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னார். அங்கே, இந்த நிமிஷமும், ஆறு.

“பார்த்தீங்களா, இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர். “அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ பழசு ஒட்டிக்கிட்டிருக்கு.”

“மெஷின் பழசைக் காட்டினா முழுப் பழசைக் காட்டும். இது அன்னிக்குச் செத்த ஏழு பேர்ல ஆறு பேரைக் காட்டுது. ஆள் பார்த்து ஒருத்தரை மட்டும் எடுக்கறதுக்கு மெஷினுக்கு என்ன சொந்தமா பந்தமா? இது மனுஷன் கை.”

“அந்தக் கை சித்திரகுப்தர் கைதானே?”

“அவரால ஒரு பக்கத்தைத்தான் மாத்த முடியும். மாத்தினா ஊருக்கெல்லாம் மாறும். இங்க ஒரே பேர்ல ரெண்டு பக்கம் இருக்கு. எது யாருக்குன்னு யாரோ வாசல்ல நின்னு பிரிச்சு விடறாங்க.”

அப்போது அவர் போன் அடித்தது. அக்கா. தினமும் பதினோரு மணிக்கு அவருடைய அக்கா கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் ம் என்பார். இந்த வயதில் இது ஒரு தொல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாலும், பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம் போன் அடிக்காவிட்டால் அவருக்கே கை ஓடாது.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“சரி, வை.”

வைத்துவிட்டார். நாலு படி இறங்கியவர் அப்படியே நின்றார். அக்காவுக்குத் தெரிய வேண்டியது சாப்பாட்டைப் பற்றியா? இவர் என்ன பதில் சொன்னாலும் ஒன்றுதான். பதில் வந்தால் போதும், தம்பி இருக்கிறான். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். அது பொய்யில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மேலே திரும்பிப் போய்ப் பட்டறைக்காரரிடம் ஒரு வேலை சொன்னார். “நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். கொடுத்ததும் உங்க ஆபீஸைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் திறக்கச் சொல்லுங்க. இந்த ரூமை விட்டு வெளிய வராதீங்க.”

சர்வர்கள் இருந்தது தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில். மேனேஜரும் கூட வந்தார். வழியில் துரும்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். “ஒரு வாசகர் புகார்னு மட்டும் சொல்லுங்க. யார், எங்கேர்ந்து, எந்தப் பக்கம், எதுவும் வேண்டாம்.”

அறைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. சுவரை ஒட்டி அலமாரி அலமாரியாக மெஷின்கள் முனகிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு மேஜை, கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. நாற்பதை நெருங்கும் வயது. தலையில் வகிடு ஓரமாக மட்டும் நரை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். பன்னிரண்டு வருஷமாக இந்த அறையே கதி, யாரிடமும் ஒட்டமாட்டார், வீட்டு விஷயம் ஒன்று வாயிலிருந்து விழாது என்று மேனேஜர் வழியிலேயே சொல்லியிருந்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாராம்.

அவர் எதிரில் இருந்த திரையின் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. ஆட்களைப் பார்த்ததும் அது மறைந்தது.

துரும்பு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பத்திரிகைப் பக்கமெல்லாம் எந்த சர்வர்ல இருக்கு மேடம்?”

“புது சர்வர்ல.”

“பழைய சர்வர்?”

“ஓடிட்டிருக்கு. அவசரத்துக்கு. தினமும் விடியக்காலைல புதுசுலேர்ந்து அன்னிக்கு வந்த பக்கம் மட்டும் தானா காப்பி ஆகும்.”

“வெளியிலேர்ந்து வர்றவங்க யாராவது பழைய சர்வருக்குப் போவாங்களா?”

“போகமாட்டாங்க. வாசல்ல இருக்கிற ஃபயர்வால் எல்லாரையும் புதுசுக்குத்தான் அனுப்பும்.”

“அந்த ரூலைக் கொஞ்சம் காட்டுங்க.”

மேடம் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். சுத்தமாக இருந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும் புது சர்வர். ஒரு விதிவிலக்கும் இல்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

“இது எழுதி வெச்சது,” என்றார் துரும்பு. “இப்போ ஓடறதைக் காட்டுங்க.”

மேடத்தின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

மேனேஜருக்கு விளங்கவில்லை. துரும்பு அவர் பக்கம் திரும்பினார். “வாசல்ல ஒரு காவல்காரர் இருக்காருன்னு வைங்க. காலைல வேலைக்கு வரும்போது எழுதி வெச்ச சட்டத்தைப் படிச்சு மனசுல வாங்கிக்கிறாரு. அப்புறம் யாராவது காதுல வந்து, இந்த ஆள் வந்தா மட்டும் பின்பக்கம் அனுப்புன்னு சொன்னா, அதையும் மனசுல வெச்சுக்குவாரு. காகிதத்துல அது இருக்காது. நாம காகிதத்தைப் பார்த்துட்டு எல்லாம் சரின்னு போயிடுவோம்.”

“ஆனா ஆபீஸ்ல எல்லாக் கம்ப்யூட்டர்லயும் சரியா இருந்ததே.”

“வீட்டுக்குள்ள இருக்கிறவங்க வாசல் வழியா வர்றதில்லையே சார். உங்களை அவரு பார்க்கவே மாட்டாரு. வெளிய இருக்கிற மத்தவங்களும் சரியாத்தான் போவாங்க. அந்த ஓர் ஆளைத் தவிர.”

மேடம் ஏதோ தட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் பட்டியல் திரையில் விழுந்தது. காகிதத்தில் இல்லாத ஒரு வரி எல்லாவற்றுக்கும் மேலே, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. குறிப்பிட்ட ஒரே ஒரு இணைய முகவரியிலிருந்து வந்தால், பழைய சர்வருக்கு அனுப்பு. முதலில் பொருந்துகிற வரிப்படி நடப்பதுதான் ஃபயர்வாலின் வழக்கம். அதனால் அந்த முகவரிக்காரருக்குக் கீழே உள்ள பொதுச் சட்டம் எட்டவே எட்டாது. வரியின் தொடக்கத்தில் ஓர் எண் இருந்தது. அந்த வரி இதுவரை எத்தனை தடவை வேலை செய்திருக்கிறது என்கிற எண்.

“யார் போட்டது இதை?” மேனேஜரின் குரல் உயர்ந்தது. “போன வருஷம் சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போனாராமே ஒருத்தர், அவரா?”

மேடம் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“போன மாசம் மழையில உங்க ஏரியா பூரா கரண்ட் போச்சே, இந்த மெஷின் அணைஞ்சதா?” துரும்பு கேட்டார்.

“அணைஞ்சது. ஒரு பகல் பூரா.”

“அணைஞ்சா காவல்காரருக்கு மனசுல இருந்ததெல்லாம் மறந்துடும். எழுந்ததும் மறுபடி காகிதத்தைத்தான் படிப்பாரு. அப்படியும் இந்த வரி இருக்கு. அப்போ கரண்ட் வந்த பிறகு யாரோ மறுபடியும் காதுல சொல்லியிருக்காங்க. போன வருஷம் போனவரு போன மாசம் வரமுடியாது.”

சொல்லிக்கொண்டே சட்டைப்பைக்குள் இருந்த போனில் ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷின்கள் முனகின. மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண் ஒன்று கூடியது.

“இந்த நேரத்துலயா?” என்றார் மேடம். தனக்குத்தானே பேசுகிறவர்போல மெதுவாகச் சொன்னார். “காலைலதானே வருவாரு. மூணு நாளா காணோம், இப்போ இந்த நேரத்துல வர்றாரே. உடம்புக்கு ஏதாவது...”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

தூண்டிலில் மீன் விழுந்தால் தூண்டில்காரனுக்குச் சந்தோஷம் வரவேண்டும். துரும்புக்கு வரவில்லை. இந்தத் தொழிலில் முதல் தடவையாக, கண்டுபிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று நினைத்தார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம்,” என்றார். “அங்க வேற யாரோ திறந்தாங்க. உங்க அண்ணன் அங்க இல்ல. எதிர்க் கட்டடத்துல, சார் ரூம்ல உட்கார்ந்திருக்காரு.”

மேடம் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எங்கே ஓடுவது, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்விதான்.

“மெலிஞ்சிட்டாரா?”

மேனேஜர் போய்ப் பட்டறைக்காரரை அழைத்துவந்தார். உள்ளே நுழைந்தவர் குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டார். கம்பளிச் சட்டைக்காரப் பெண்மணியைப் பார்த்தார், நரையைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. மேடம் கண்ணைத் துடைப்பதற்காகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பு போதுமாயிருந்தது.

“பாப்பா?”

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

துரும்பு இருவருக்கும் நடுவே வந்து நின்றார். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். “உங்களுக்கு அந்தப் பக்கத்தை மறைச்சது உங்க தங்கச்சிதான். பழைய சர்வர்ல அந்த ஒரு நாள் பக்கத்துலேர்ந்து அம்மாவை எடுத்துட்டாங்க. உங்க பட்டறை முகவரிலேர்ந்து யார் வந்தாலும் அங்க போகும்படி வாசல்ல சொல்லி வெச்சாங்க. அந்த முகவரி உங்க ஈமெயில் வழியா வந்தது. எங்கேர்ந்து அனுப்பினதுன்னு ஈமெயில்லயே ஒட்டியிருக்கும். அந்த எண் எந்த இடத்துதுன்னு இன்டர்நெட் கம்பெனிக்காரங்க விலாசம் கொடுக்கமாட்டாங்க. ஆனா அந்த எண்ணை வெச்சு, நீங்க தினமும் வர்றதை இங்க உட்கார்ந்து பார்க்கலாம்.” மேடத்தின் பக்கம் கை காட்டினார். “அந்தக் கடைசி வரியும் இவங்க எழுதினதுதான். அது பொய் இல்ல.”

“தினமும் காலைல பார்ப்பேன்,” என்றார் மேடம். அண்ணனைப் பார்க்காமல் விழுந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். “நீ வந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணி, வந்துட்டாரும்மான்னு சொல்லுவேன். அதுக்கப்புறம்தான் அவங்க பல்லே விளக்குவாங்க. வர லேட்டானா வாசலுக்கும் உள்ளுக்குமா நடப்பாங்க. இந்த வேலைல நான் சேர்ந்ததே அதுக்குத்தான்.”

பட்டறைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்புறம் ஏன் மறைச்ச?”

“அப்பா போனப்போ அறிவிப்பு போட்டோம். நீ பார்த்த. எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் திறந்தது. உனக்காக மூணு நாள் அப்பாவை ஐஸ் பெட்டில வெச்சிருந்தோம். ஆனா நீ வரல. அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல அந்தப் பக்கத்துக்கும் நீ வரல. அம்மா தண்ணிகூடக் குடிக்கல. கோவத்துல எங்களை வெட்டி விட்டுட்டேன்னு நினைச்சோம். அப்புறம் ஒரு நாள் காலைல வந்த. அம்மா எழுந்து உட்கார்ந்தாங்க.” மூச்சு வாங்கினார். “அம்மா போன அன்னிக்கு எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு வராதவரு அம்மாவுக்கு மட்டும் எப்படி வருவாரு? பார்த்தா, இனி பார்க்க ஒண்ணுமில்லன்னு ஒரேயடியா நிறுத்திடுவாரு. அம்மாவும் போய், நீயும் போனா, எனக்கு யாரு இருக்கா? ஊருக்குச் சொல்லாம இருக்க முடியல, உனக்கு மட்டும் மறைச்சேன், ஒரு நாள் மட்டும்னுதான் நினைச்சேன். நாளைக்குக் காட்டிடலாம், நாளைக்குக் காட்டிடலாம்னு... நாள் போகப் போக, எந்த முகத்தோட காட்டறது?”

துரும்பு பட்டறைக்காரரைப் பார்த்தார். காலையில் அவர் சொன்ன ஒரு வார்த்தை அப்போது போகிறபோக்கில் காதில் விழுந்து போயிருந்தது. இப்போது அது திரும்பி வந்து நின்றது.

“அப்பா போனப்போ ஃபோர்மேன்கிட்ட லீவு கேட்டீங்கல்ல? கொடுத்தாரா?”

“கொடுத்தாரு.”

“எங்க போனீங்க?”

பட்டறைக்காரர் எண்ணெய் ஏறிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டார்.

“வந்தேன்,” என்றார். “தெருமுனை வரைக்கும். மூடின ஒரு கடையோட ஷட்டர் பக்கத்துல நின்னேன். வாசப்படி ஏறக்கூடாதுன்னு நானே சொல்லிக்கிட்டது, கால் வரல. நீ அம்மாவைத் தோள்ல சாய்ச்சுப் பிடிச்சிட்டிருந்த. அவங்களுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல. அப்பாவைக் கொண்டு போற வரைக்கும் நின்னேன். திரும்பிப் போக மனசில்லாம இன்னும் ரெண்டு நாள் இந்த ஊர்லயே சுத்திட்டுத்தான் போனேன்.”

மேடம் கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். அன்று தன் அம்மாவின் ஒரு செருப்பு கூட்டத்தில் காணாமல் போனது. அது அந்த வாசலில் நின்றவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

எந்த வழக்கிலும் எல்லோரும் பார்த்தும் பார்க்காமல் விட்டது ஒன்று இருக்கும். இதில் அது இதுதான். ஆள் வந்தால் வந்தார் என்று மெஷின் எழுதும். வராத நாளில் அவர் எங்கே இருந்தார் என்று அதற்குத் தெரியாது. வெறும் இடைவெளியை மட்டும் காட்டும். அதை மேடம் கோபம் என்று படித்துவிட்டார். அண்ணன் அந்தப் பக்கத்துக்கு வராத நாட்களெல்லாம், அவர் அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த நாட்கள். இதைத் துரும்பு வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“தெருமுனைல இருந்தாவது அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன் பாப்பா,” என்றார் பட்டறைக்காரர். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

மேடம் மேஜைக்குத் திரும்பினார். தலைமாட்டில் இருந்த அந்த வரியை நீக்க இரண்டு தட்டுகள் போதும். அவருக்கு நாலைந்து ஆயிற்று. எண்ணோடு சேர்ந்து வரி மறைந்தது. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்காரர் ஏழு படம் உள்ள காகிதத்தை மட்டும் எடுத்து நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். தங்கையின் அருகே வந்து, தலையில் கை வைப்பதுபோல நீட்டினார். கை பாதியிலேயே நின்றது. “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல,” என்றார். ஒரு விலாசமோ நம்பரோ சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். மேடமும் கேட்கவில்லை. தேடினால் நிறுத்திவிடுவேன் என்று அண்ணன் ஒரு காலத்தில் எழுதிய வரி இன்னும் அவர் கையைக் கட்டிப் போட்டிருந்தது.

சித்திரகுப்தரிடம் மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். மேடத்தை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் வாசல் ஃபயர்வாலின் பொறுப்பை அவரிடமிருந்து வாங்கித் துரும்பிடம் கொடுத்தார். நியாயமான தீர்ப்புத்தான். துரும்புக்கு அது பாரமாக இருந்தது. இனி யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்கிற கண் அவருடையது.

மறுநாள் அந்தப் பட்டறை முகவரியிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பயண நாட்கள்தானே என்று துரும்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயண நாட்கள் முடிந்தன. அப்போதும் வரவில்லை. மேடம் ஒரு நாளும் போன் செய்து கேட்கவில்லை. கேட்காததுதான் துரும்பை அரித்தது. வேலை இல்லாவிட்டாலும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்த்தார். பதினோரு மணிக்கு அக்கா கூப்பிடும் முன்பாகவே இவர் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சு என்று சொல்ல ஆரம்பித்தார். உடம்புக்கு என்னடா என்று அக்கா பயந்துபோனார்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த முகவரி வந்தது.

துரும்பு நம்பாமல் இரண்டு தடவை பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“மேடம், வந்துட்டாரு.”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அம்மா இருக்கிற அந்தப் பழைய நாள் பக்கத்துக்கா?” என்று கேட்டார் மேடம்.

“இல்ல மேடம். இன்னிக்கு இரங்கல் பக்கம். மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துட்டுப் போயிட்டாரு.”

அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் அவர் இனித் தினமும் தேட என்ன இருக்கிறது என்று யோசித்துத் துரும்பு ஒரு முடிவுக்கு வருவதற்குள், அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“நான் இருக்கேனான்னு பார்க்கிறாரு சார்,” என்றார் மேடம்.